வாசகர் கேள்விகள்: பூட்டிய கடையின் கணக்குப் புத்தகம்

போன இதழில், வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் நியாய வணிகக் கடையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். கொரோனாக் காலத்தை எப்படித் தாண்டினீர்கள் என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தக் கடையின் பொருளாளர். அதனால் பதில்களில் காசுக் கணக்கு அதிகம் வரும்.

நியாய வணிகக் கடை என்றால் என்ன, அக்கா? அங்கே விலை கூடவா?
– வாசகி, திருச்சி

விளைவிப்பவருக்கும் செய்பவருக்கும் நியாயமான விலை கொடுத்து வாங்கிய சாமானை விற்கும் கடை. சில சாமான்களுக்கு விலை கூடத்தான். அந்தக் கூடுதல் காசு யாருக்குப் போகிறது என்பதுதான் விஷயம். கோப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சந்தையில் விலை எவ்வளவு விழுந்தாலும், கழுவிப் பதப்படுத்திய அராபிக்கா கோப்பிக்கு இறாத்தலுக்கு (ஏறக்குறைய 450 கிராம்) 1.40 டாலருக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2020-இல் நியாய வணிக விதி இருந்தது. அதற்கு மேல் 20 சென்ட், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் தானே முடிவெடுத்துச் செலவு செய்வதற்கு. கைவினைப் பொருள் என்றால், செய்பவர் கேட்டால் பாதி விலையை வட்டியில்லாமல் முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும். இந்த முன்பணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வரும்.

எங்கள் கடையில் எனக்குப் பிடித்த சாமான் மலாவி நாட்டுக் கிலொம்பெரோ அரிசி. ஸ்கொட்லாந்திலுள்ள ஜஸ்ட் டிரேடிங் ஸ்கொட்லாந்து என்ற அமைப்பு அதைக் கொண்டுவருகிறது. 90 கிலோ விற்றால், ஒரு விவசாயி தன் பிள்ளையை ஒரு வருஷம் மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்ப அந்த வருமானம் போதும் என்பது அவர்கள் கணக்கு. பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் 90 கிலோவைப் பங்கு போட்டு வாங்கும். சோற்றுக்கு நல்ல வாசனையும் உண்டு.

உங்கள் தொண்டர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்றீர்கள். கொரோனா வந்தபோது அவர்களை என்ன செய்தீர்கள்?
– வாசகர், வவுனியா

2020 பெப்ரவரி 24 முதல் மார்ச் 8 வரை நியாய வணிக இருவாரம், நியாய வணிகத்தைப் பற்றி ஊருக்கு எடுத்துச் சொல்லும் இரண்டு வாரம். வருஷத்தில் எங்களுக்கு ஆட்கள் அதிகம் வரும் நாட்கள் அவை. தேவாலய மண்டபத்தில் மேசை போட்டு, சொக்லேட்டை உடைத்துத் தட்டில் வைத்து, எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டோம். இப்போது நினைத்தாலும் நெஞ்சு திக்கென்கிறது.

மார்ச் 16-ஆம் தேதி, 70 வயது தாண்டியவர்கள் மற்றவர்களோடு நெருங்கிப் பழகுவதைத் தவிர்க்க வேண்டும் என்று அரசு சொன்னது. எங்கள் பின்னறைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கும், யார் எந்த நாள், காலையா மாலையா என்று. மொத்தம் 22 பேர். அதில் 15 பெயர்களை அன்று பென்சிலால் கோடிழுத்து அடித்தேன். மிச்சம் ஏழு. அந்த ஏழு பேரில் மூவருக்கு, பள்ளிக்கூடம் மூடி வீட்டில் நிற்கப் போகும் பிள்ளைகள்.

23-ஆம் தேதி இரவு நாடு முழுவதும் முடக்கம். சட்டப்படி நாங்கள் திறந்திருக்கலாம், உணவு விற்கும் கடைக்குத் தடை இல்லை. திறப்போம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் எங்கள் கடையில் தேயிலை அலமாரிக்கும் கல்லாவுக்கும் நடுவே இரண்டு பேர் முட்டாமல் கடக்க முடியாது. பூட்டினோம்.

பூட்டியதும் நாங்கள் செய்த முதல் வேலை தொலைபேசிப் பட்டியல் போட்டதுதான். ஒவ்வொரு இளையவருக்கும் இரண்டு மூன்று பெரியவர்கள், செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு அழைப்பு. எனக்கு வந்தவர்களில் ஒருவருக்கு 81 வயது, தனியாக இருப்பவர். 19 வருஷமாக வியாழன் காலை அவருடையது. முதல் அழைப்பிலேயே, பிஸ்கட் டின்னில் இருந்த சில்லறையை எண்ணி எடுத்து வைத்தாயா என்றுதான் கேட்டார். மூன்றாவது வாரம் அவர் குரல் தளர்ந்திருந்தது. 'வியாழக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது' என்றார். அடுத்த நாள் வெற்று விலை அட்டைகளையும் நூலையும் ஒரு பையில் போட்டு அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். வெட்டி, நூல் கோத்து, மூட்டையாகத் திருப்பி வைப்பார். அந்தக் கோடை முழுவதும் அப்படியே போனது. இன்றைக்கும் கடையில் தொங்கும் அட்டைகளில் சில அவர் முடிச்சுப் போட்டவை.

சம்பளத்துக்கு இருந்தவர் ஒரே ஒருவர், பகுதிநேர மேலாளர். அவர் சம்பளத்தில் 80 வீதத்தை அரசு கொடுத்தது, மாதம் 2,500 பவுண் வரை. ஆனால் அந்த உதவி வாங்கும் காலத்தில் அவர் எங்களுக்காக எந்த வேலையும் செய்யக் கூடாது. சாமான் யாரிடம் எப்படி வாங்குவது, எந்தக் கணக்குக்கு எந்தக் கடவுச்சொல் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. தொலைபேசியில் கேட்பதும் வேலைதானே என்று கேட்காமலே விட்டோம். எல்லாவற்றையும் முதலிலிருந்து நாங்களே படித்தோம்.

விற்பனை நின்றபோது வாடகையை எப்படிக் கட்டினீர்கள்? நானும் கணக்கர் என்பதால் கேட்கிறேன்.
– வாசகர், சென்னை

அன்றைய நிலையை அப்படியே சொல்கிறேன். வங்கியில் 6,200 பவுண். மாத வாடகை 750. இறக்குமதியாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய பில்கள் 4,900. வரவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஏப்ரல் முதல் வாரம் செயற்குழு ஸூமில் கூடியது. ஒன்பது பேர். வாடகை கட்டாத கடைகளை வெளியேற்ற முடியாது என்று அப்போது சட்டம் வந்திருந்தது, அதனால் வாடகையை நிறுத்துவோம் என்றார் ஒருவர். வாடகையைக் கட்டுவோம், பில்களை ஆறு மாதம் தள்ளிப்போடுவோம், எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள் என்றார் இன்னொருவர். அவர்கள் இருவரும் கடை மீது உயிரை வைத்திருப்பவர்கள். பயம் அப்படிப் பேச வைத்தது.

நான் சொன்னது இதுதான். நாம் பணம் கொடுக்க வேண்டிய இறக்குமதியாளர், அந்தச் சாமானுக்குப் பாதிக் காசைச் செய்தவர்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டார். நாம் நிறுத்தினால் அவர் அடுத்த முன்பணத்தை நிறுத்துவார். நம் ஆறு மாதம், கைத்தறியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஆறு மாத வேலையின்மை. அந்த வாரங்களில் பெரிய உடை நிறுவனங்கள் வங்காளதேசத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த ஆர்டர்களை ரத்துச் செய்தோ நிறுத்தியோ வைத்திருந்தன. 300 கோடி டாலருக்கு மேல். தைத்து முடித்த துணிக்குக்கூடப் பணம் வரவில்லை. 2013-இல் அதே நாட்டில், தையல் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஏப்ரல் 24-ஆம் தேதி அந்த நினைவுநாளுக்கு நாங்கள் ஒவ்வொரு வருஷமும் கடை ஜன்னலில் ஓர் அறிவிப்புத் தட்டி வைப்போம். அந்தத் தட்டியை வைத்த கையாலேயே நாமும் பில்லை இழுத்தடிப்பதா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

வாக்கு ஆறுக்கு மூன்று. பில்கள் எல்லாவற்றையும் அந்த மாதமே கட்டினோம். வங்கியில் 1,300 மிஞ்சியது. கட்டட உரிமையாளருக்கு எங்கள் கணக்கை அப்படியே எழுதி அனுப்பினேன், மறைக்க என்ன இருக்கிறது? மூன்று மாதத்துக்குப் பாதி வாடகை போதும் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகுதான் அரசின் 10,000 பவுண் உதவி வந்தது. சிறு வணிகத்துக்கான கட்டட வரிச் சலுகையில் இருந்த கடைகளுக்கு அது. இங்கே ஒரு விஷயம் உங்களுக்கு, கணக்கர் என்பதால்: அதே அளவுக் கடையை அறக்கட்டளையாகப் பதிந்து நடத்தியவர்கள் அறக்கட்டளைச் சலுகையில் இருந்தார்கள். அதனால் பலருக்கு இந்தப் பணம் கிடைக்கவில்லை. நாங்கள் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்திருந்தோம். வருஷங்களுக்கு முன்னால், அறக்கட்டளைக்கான எழுத்துவேலை அதிகம் என்று யாரோ சொன்னதால் எடுத்த முடிவு. தப்பினோம். எங்களைவிட நன்றாக நடந்த ஒரு கடை அந்தப் பணம் கிடைக்காமல் மூடியது, அதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சாமான் செய்கிறவர்கள் என்ன ஆனார்கள்?
– வாசகி, மட்டக்களப்பு

இலங்கையில் மார்ச் 20 முதல் ஊரடங்கு, இந்தியாவில் 25 முதல். வெட்டிய மரமும் பாவு போட்ட தறியும் அப்படியே நின்றன. எங்களுக்குச் செய்தி இறக்குமதியாளர்கள் வழியாகத்தான் வரும். எங்கள் அலமாரியில் லங்கா கடே என்ற பெயரில் மரப் பொம்மைகள் உண்டு, இலங்கையில் ரப்பர் மரத்தில் செய்பவை. 'கடே' என்பது நம் கடைதான், சிங்களத்துக்குப் போனது. முதன்முதல் அந்தப் பெட்டியைப் பார்த்தபோது, இந்தக் குளிர் ஊரில் நம் சொல்லா என்று தடவிப் பார்த்தேன். பிள்ளைகள் வீட்டில் அடைந்திருந்த அந்த வசந்தத்தில் எல்லாரும் கேட்டது அந்த மரச் சாமான்களில் உள்ள எழுத்துப் புதிர்களைத்தான். ஏப்ரல் முடிவதற்குள் கையிருப்பு தீர்ந்தது, புதிதாகச் செய்யத்தான் அங்கே வழியில்லை.

கிறிஸ்மஸ் சாமானுக்கு வசந்தத்திலேயே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததை நாங்கள் ரத்துச் செய்யவில்லை, அளவை மட்டும் குறைக்க முடியுமா என்று கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவிலிருந்து வர வேண்டிய காகித நட்சத்திரங்கள் ஜனவரியில் வந்து சேர்ந்தன, மூன்றாவது முடக்கத்தில் கடை பூட்டிய பிறகு. என் வீட்டுப் படுக்கையறையில் பதினொரு மாதம் இருந்தன. 2021 டிசம்பரில் விற்றோம்.

பூட்டிய கடையில் எப்படி விற்றீர்கள்?
– வாசகர், சிங்கப்பூர்

ஒரு பழைய கைத்தொலைபேசியின் எண்ணைக் கதவில் ஒட்டினோம். அரிசி, கோப்பி, சொக்லேட், அப்புறம் மறுசுழற்சி செய்த டாய்லெட் பேப்பர். பெரிய கடைகளில் அது கிடைக்காத வாரங்களில் எங்கள் பின்னறையில் ஒன்பது மூட்டை இருந்தது. வீட்டுக்கு ஒன்றுதான் என்று கட்டுப்பாடு வைத்தோம். புதன், சனி இரண்டு நாளும் எங்கள் ஆட்கள் சைக்கிளில் கொண்டுபோய், கேட்டவர்கள் வாசலில் வைப்பார்கள்.

ஜூன் 15-இல் திறந்தோம், ஒரு நேரத்தில் ஒருவர். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த சாமானை 72 மணி நேரம் தனிப் பெட்டியில் வைப்போம். ஜூலை 24 முதல் முகக்கவசம். நவம்பரில் நாலு வாரம் மறுபடி பூட்டு. ஜனவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் 12 வரை இன்னொரு முறை. அந்த மூன்றாவது தடவைதான் மனம் சோர்ந்தது. முதல் தடவை இருந்த வேகம் யாருக்கும் இல்லை.

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு சிறு கடை தொடங்கப் போகிறது. என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, மதுரை மாவட்டம்

தங்கைக்கு: எந்த வேலையும் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. சாவி, கடவுச்சொல், வாங்கும் இடம் எதுவானாலும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மாத வாடகையைத் தனியாக வையுங்கள், நாங்கள் வைத்திருக்கவில்லை. உறுப்பினர்களின் தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எப்படிப் பதிவது என்று முடிவெடுக்கும் முன் உங்கள் ஊரில் ஒரு கணக்கரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கணக்கைக் கடன் கொடுத்தவரிடமும் மறைக்காதீர்கள்.

கடை இன்னும் இருக்கிறதா?
– வாசகர், டொரொன்டோ

இருக்கிறது. முழுதாக இல்லை. 22 தொண்டர்களில் 13 பேர்தான் திரும்பினார்கள். மூவர் இறந்துவிட்டார்கள், சிலருக்குப் படியேறும் தெம்பு போய்விட்டது, சிலருக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. 1979 முதல் எங்களைப் போன்ற கடைகளுக்குச் சாமான் தந்து முதுகெலும்பாக இருந்த டிரெய்ட்கிராஃப்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் வீழ்ந்தது. பாதி அலமாரிக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

அந்த 81 வயதுக்காரர் 2021 மே மாதம் ஒரு வியாழக்கிழமை வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நேரே பிஸ்கட் டின்னை எடுத்துச் சில்லறையை எண்ணினார். இப்போதும் வியாழன் காலை அவருடையதுதான். சனி மாலைக்கு மட்டும் ஆளில்லை. யார்க்‌ஷயர் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இதழ் முகவரிக்கு எழுதுங்கள்.