வான்கோழிக்காக ஓவன் வாங்கலாமா? கிறிஸ்துமஸ் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு என்றால் வாத்து ரோஸ்ட்தான். மாமியார் கனமான சட்டியில் செய்வார். இந்த வருடம் 14 பேர் வருகிறார்கள். முழு வான்கோழியை ஓவனில் சுட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. 60 லிட்டர் ஓடிஜி (மேசை மேல் வைக்கிற மின்சார ஓவன்) ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஒரு நாள் சாப்பாட்டுக்குத்தான் என்றால் வேண்டாம். வருடம் முழுக்க கேக், பன் என்று போடுகிறவர் என்றால் யோசிக்கலாம்.

விளம்பரத்தில் லிட்டரைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். முழுப் பறவை சுடுவதற்கு அதைவிட முக்கியம் உள்ளே இருக்கிற உயரம். தட்டில் பறவையை வைத்த பிறகு அதன் நெஞ்சுக்கும் மேலே சூடாகிற கம்பிக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மேலே தோல் கருகிவிடும், உள்ளே தொடை வெந்திருக்காது. கடைக்கு இஞ்ச் டேப்போடு போங்கள், கடைக்காரர் எப்படிப் பார்த்தாலும் பரவாயில்லை. அப்புறம் கரண்ட். இந்த அளவு ஓடிஜி பெரும்பாலும் 2000 வாட் பக்கம் இழுக்கும். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் ப்ளக் அதைத் தாங்காது, 16 ஆம்பியர் பவர் ப்ளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிச் சமாளிக்கிற வேலையே வேண்டாம்.

வான்கோழி வாங்கப் போனால் முதலில் கேட்க வேண்டியது, சொல்கிற விலை உயிர் எடைக்கா, சுத்தம் செய்த எடைக்கா என்பது. இறகு, குடல், தலை, கால் எல்லாம் போனால் ஏறக்குறைய கால் பங்கு குறையும். 6 கிலோ என்று வாங்கியது நாலரை கிலோவாகத்தான் வீட்டுக்கு வரும். பிரியாணியும் உண்டு என்றால் 14 பேருக்கு அது போதும். உறைந்த பாக்கெட் என்றால் தேதியையும் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் பாருங்கள். உள்ளே ஐஸ் படிகம் கட்டி கட்டியாக இருந்தால், நடுவில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்க வாய்ப்பு உண்டு, அதை எடுக்காதீர்கள். நாலரை கிலோ பறவை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருக இரண்டு நாள் பிடிக்கும். 24ஆம் தேதி சாயங்காலம் கல்லு மாதிரி வாங்கி வந்தால் மறுநாள் மதியம் பிரியாணி மட்டும்தான்.

வான்கோழியைச் சுட்டுத் தருவார்களா என்று பேக்கரியில் கேட்டுப் பார்க்கலாமா என்றால், தாராளமாக. வீட்டில் கலந்த கேக் மாவை பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவது நம் பக்கத்தில் பழைய வழக்கம்தான். ஆனால் கேக் அடுப்பில் கறி வாடை ஏறும் என்று சிலர் மறுப்பார்கள். முன்கூட்டியே பேசி, நேரத்தையும் கூலியையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் மாமியாரின் சட்டியை விடாதீர்கள். ஆங்கிலோ இந்திய வீடுகளில் அடுப்பின் மேலேயே அருமையாக ரோஸ்ட் செய்கிறார்கள். வாத்தோடு முழு மிளகு, பட்டை, காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் வினிகர், தண்ணீர் சேர்த்து மூடி வேகவிடுவார்கள். தண்ணீர் சுண்டியதும் வாத்து தன் கொழுப்பிலேயே சிவந்து வரும். அந்தக் கொழுப்பில் உருளைக்கிழங்கைப் புரட்டி எடுத்தால் முதலில் காலியாவது அதுதான். வாத்து வாங்கும்போது நெஞ்செலும்பின் நுனியை விரலால் அழுத்துங்கள். வளைந்தால் இளசு. விறைப்பாக இருந்தால் முற்றல், குக்கர் இல்லாமல் வேகாது.

பிள்ளைகள் ஆசைக்கு ஒன்றரை கிலோ முழுக் கோழி போதும். அது 30 லிட்டர் ஓடிஜியிலேயே அடங்கும். தெருவில் யார் வீட்டிலாவது அப்படி ஒன்று உபயோகமில்லாமல் பரண் மேல் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்பா அம்மாவின் கல்யாண போட்டோ மங்கிப்போய், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்து கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்க ஆசை. கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நல்ல பரிசு. முதல் விஷயம், கண்ணாடியிலிருந்து போட்டோவைப் பிய்க்காதீர்கள். படம் கண்ணாடியோடு போய்விடும், வெறும் காகிதம்தான் கையில் மிஞ்சும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், 600 டிபிஐ (ஸ்கேனின் நுணுக்க அளவு) இருந்தால் நல்லது. பக்கத்திலேயே நின்று, ஒரிஜினலைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

இப்போது பல கடைகளில் ஏஐ வைத்து ஒரே நிமிடத்தில் முகத்தைப் பளபளவென்று ஆக்கித் தருகிறார்கள். அதில் ஒரு சிக்கல்: அது இருக்கிற முகத்தைத் துடைப்பதில்லை, புதிதாக ஒரு முகத்தை வரைகிறது. அம்மாவின் மூக்குத்தி மறையும், அப்பா யாரோ சீரியல் நடிகர் மாதிரி ஆகிவிடுவார். கீறலையும் கறையையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பிரிண்ட் போடும் முன் திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை மவுண்ட் (படத்தின் ஓரத்தைச் சுற்றி வைக்கிற அட்டை) வைக்கச் சொன்னால் மறுபடி ஒட்டாது. ஃபைலையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள், அதற்குத் தனிக் காசு கேட்பார்களா என்பதை வேலை கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு எடுத்த சட்டையில் தையல் பிரிந்திருக்கிறது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று இருக்கிறதே?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாள். தள்ளுபடியில் எடுத்தது என்பதற்காக இது மாறாது. ஆனால் சைஸ் சரியில்லை, கலர் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறையில் சேராது. அதற்கு கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு.

பரிசு என்றதும் நாம் விலை அட்டையையே கிழித்துப் போட்டுவிடுகிறோம். விலை இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி, பார்கோடு பகுதியை விட்டுவையுங்கள். பில்லை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இப்போதைய பில் காகிதம் சீக்கிரமே வெளுத்துப்போகிறது.

கேள்வி: ஆன்லைனில் 22ஆம் தேதிக்குள் வரும் என்றார்கள். பரிசு 27ஆம் தேதிதான் வந்தது. திருப்பி அனுப்பலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: அனுப்பலாம். சொன்ன தேதிக்குப் பிறகு வந்த பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புயல், வெள்ளம் மாதிரி யார் கையிலும் இல்லாத காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. ஆர்டர் போட்டபோது காட்டிய தேதியின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.