நல்லிக்குத் தனி நேரம்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாட்டெலும்பைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். பிரியாணி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாத்தா, நல்லி எலும்பு ஒரு கிலோ வாங்கி, மசாலா எல்லாம் போட்டுக் குக்கரில் பத்து விசில் விட்டேன். திறந்து பார்த்தால் எலும்பு எல்லாம் வெறும் குழாயாகக் கிடக்கிறது. உள்ளே இருந்த நல்லி எங்கே போனது? கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மாமி சொல்கிறார்.
– வாசகி, பெரியபட்டினம்

கடைக்காரர் மேல் பழி வேண்டாம் தங்கச்சி. குழம்புக்கு மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்திருக்குமே, உங்கள் நல்லி அதில்தான் இருக்கிறது. முக்கால்வாசி உருகி வெளியே வந்துவிட்டது.

எலும்பு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று மொத்தமாகக் குக்கரில் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. மூட்டெலும்பு வேறு, நல்லி எலும்பு வேறு. மூட்டில் இருப்பது குருத்தும் ஜவ்வும். அது மணிக்கணக்கில் வெந்து கரைந்தால்தான் சூப்பு உதட்டில் ஒட்டும். வளர்ந்த மாட்டின் கால் எலும்பில் இருக்கும் நல்லியோ பெரும்பகுதி கொழுப்பு. அந்தக் கொழுப்பைப் பிடித்து நிறுத்த உள்ளே சதை கிடையாது. குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும், தண்ணீரும் உள்ளே கொதித்துப் புரளும். அதில் முக்கால் மணி நேரம் கிடந்தால் நல்லி நிற்காது. ஆகவே சூப்புக்கு ஒரு நேரம், நல்லிக்கு வேறு நேரம். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற மசாலா எல்லாம் உங்கள் கைப்பக்குவம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கிலோ மூட்டெலும்பும், மூன்று விரல் நீளத்துக்கு வெட்டிய நல்லி எலும்பு ஆறேழு துண்டும் வாங்குங்கள். நல்லித் துண்டுகளை உப்புத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு போதும். இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றினால் உள்ளே இருக்கிற ரத்தம் இறங்கிவிடும், கவிச்சி வாடையும் பாதி போய்விடும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இந்த ஊறல் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் கெட்டுப்போகும். வாங்கிய அன்றே நன்றாக அலசிச் சமைத்துவிடுங்கள்.

மறுநாள் மூட்டெலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வரும்போது பொங்கி வரும் நுரையை அள்ளி எடுத்துவிட வேண்டும், இதில் சோம்பல் கூடாது. அப்புறம் இஞ்சி, பூண்டு, இரண்டு பட்டை, கொஞ்சம் மஞ்சள் போட்டுக் குக்கரை மூடி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் விடுங்கள். பிரஷர் தானாக அடங்கியபின் திறந்து, சூப்பை வாய் அகன்ற சட்டிக்கு மாற்றுங்கள்.

இப்போதுதான் நல்லியின் முறை. துண்டுகளைச் சட்டிக்குள் நிற்க வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். நின்றால் அடிப்பக்கம் சட்டியில் முட்டிக்கொள்ளும், நல்லி எளிதில் நழுவாது. இரண்டு பக்கமும் துளை பெரிதாக இருந்தால், கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவை வில்லையாகத் தட்டி வாயை அடைத்துவிடலாம். சாப்பிடும்போது அதைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். சிறுதீயில், மூடி போடாமல், தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து நல்லியின் நடுவில் குத்துங்கள். தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. நடுவில் கெட்டியாக முட்டினால் இன்னும் ஐந்து நிமிடம்.

மிளகு, சீரகம், சோம்பு, மல்லி நான்கையும் வறுத்து இடித்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கடைசியில் சேருங்கள். தேங்காய்ப்பால் விடுவதானால் இறக்கும் நேரத்தில் விடுங்கள், அதற்கு மேல் கொதி வேண்டாம். இடியாப்பத்துக்கு இதை விஞ்சி வேறொன்று எனக்குத் தெரியாது. பரோட்டாவுக்கானால் தேங்காய்ப்பாலை விட்டுவிட்டு மிளகைக் கூட்டுங்கள்.

அக்கா, மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவேன். மாட்டெலும்பில் எதைப் பார்ப்பது?
– வாசகி, தங்கச்சிமடம்

வெட்டின முகத்தைப் பாருங்கள் அக்கா. நல்லி துளையை நிறைத்துக்கொண்டு, வெண்ணெய் மாதிரி கெட்டியாக, வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, லேசான ரோஜா நிறம் கலந்தோ இருக்க வேண்டும். சிவந்து, தண்ணீர் விட்டு, கொழகொழவென்று இருந்தால் வாங்காதீர்கள். தீனி இல்லாமல் நெடுநாள் வாடிய மாடு, அல்லது நோயில் கிடந்த மாடு, உடம்பில் வேறு எந்தக் கொழுப்பும் மிஞ்சாதபோது கடைசியாக எலும்புக்குள் இருப்பதைத்தான் கரைக்கும். அப்படிப்பட்ட நல்லி எவ்வளவு பக்குவமாக வேகவைத்தாலும் ருசிக்காது. அந்த மாட்டின் கறியையும் தவிர்த்துவிடுங்கள். இளங்கன்றின் எலும்பும் சிவப்பாக இருக்கும், ஆனால் அது நம் கடைகளுக்கு வருவதில்லை.

1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் மாநிலத்தில் கறிக்கு விடப்படுவது பெரும்பாலும் பத்து வயது தாண்டிய, உழவுக்கும் ஈற்றுக்கும் ஆகாத மாடுதான். எலும்பு தடித்திருக்கும், ஜவ்வு முற்றியிருக்கும். வெளிநாட்டுச் சமையல் வீடியோவில் இளமாட்டுக்குச் சொல்கிற நேரத்தை இதற்கு அப்படியே எடுத்துக்கொண்டால் மூட்டெலும்பு வேகாமல் நிற்கும்.

இன்னொன்று. தொடை எலும்பைக் கேளுங்கள், அதில் நல்லி கெட்டியாக நிற்கும். குளம்பை நோக்கிக் கீழே போகப்போக நல்லி இளகி எண்ணெயாகிவிடும். வாள் மெஷின் இருக்கிற கடையில் வெட்டி வாங்கினால் நல்லது. கத்தியால் ஓங்கி வெட்டினால் எலும்பு சிதறிச் சில்லு உள்ளே போகும். வேறு வழியில்லை என்றால் வீட்டில் ஒவ்வொரு துண்டின் வாயையும் விரலால் தடவிப் பார்த்து அலசுங்கள். குழந்தைகளுக்கு எலும்போடு கொடுக்காமல், நல்லியை எடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள்.

லாத்தா, சிங்கப்பூரில் பத்து வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். பீச் ரோடு பக்கம் நம் ஆட்கள் கடையில் சாப்பிட்ட சூப் துலாங் நாக்கிலேயே நிற்கிறது. மாட்டு நல்லியில் செய்யலாமா?
– வாசகர், சாயல்குடி

தாராளமாகச் செய்யலாம் தம்பி. சூப் துலாங் என்றால் செக்கச் சிவந்த எலும்புக் குழம்பு. அங்கே பெரும்பாலும் ஆட்டெலும்பில் செய்வார்கள். அதன் துளை சின்னது, அதனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவார்கள். மாட்டு நல்லிக்கு ஸ்ட்ரா வேண்டியதில்லை. நீளக் காம்புள்ள சின்னக் கரண்டி, அதுவும் இல்லையென்றால் கரண்டிக் காம்பைத் திருப்பிப் பிடித்துக் கிண்டி எடுக்கலாம்.

அந்தச் சிவப்புக்குச் சாயம் எதுவும் வேண்டாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய் இருக்கும்போது அது எதற்கு? 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய் அது. உருண்டையாக, தோல் தடித்து, அரைத்தால் நல்ல நிறம் கொடுக்கும். பத்துப் பதினைந்து மிளகாயை விதை உதறி, வெந்நீரில் ஊறவைத்து அரையுங்கள். வெங்காயம், இஞ்சி, பூண்டு விழுதை எண்ணெயில் வதக்கி, பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ போட்டு, மிளகாய் விழுதையும் நான்கு பழுத்த தக்காளியின் விழுதையும் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை விடாமல் கிளறுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பச்சை வாடை கடைசிவரை போகாது. பிறகு மூட்டெலும்பு வெந்த சாறு, சோம்பும் சீரகமும் பொடித்தது, கொஞ்சம் பனங்கருப்பட்டி. அந்தக் குழம்பு லேசாக இனிக்க வேண்டும், அதுதான் அதன் குணம். கரைத்த சோளமாவு விட்டுக் கெட்டியானதும் தனியாக வேகவைத்த நல்லியை உள்ளே இறக்கிப் புரட்டி எடுங்கள். ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்த தடவை நல்லி எலும்பை நீளவாக்கில் பிளக்கச் சொல்லி வாங்கிச் சுட்டும் பாருங்கள். சீமைக்கருவேலங் கரிக்கு நம் பக்கத்தில் பஞ்சமா? தீ நாக்கு அடங்கிக் கங்காக இருக்கும்போது, நல்லி மேலே பார்க்க வைத்து, தட்டால் மூடி, பதினைந்து இருபது நிமிடம். ஓரம் நுரைத்துக் குமிழ் விடும்போதே எடுத்துவிடுங்கள். கல்லுப்பு, இடித்த மிளகு, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய வெங்காயம் போதும்.

என் கணவருக்கு வள்ளத்தில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். நல்லி சூப்பு தினமும் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் கூடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். வாங்கவும் காசு ஆகிறது. கொடுக்கட்டுமா?
– வாசகி, மண்டபம்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துப்போனது. அவர் சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும்.

கடன் வாங்கி நல்லி சூப்பு கொடுக்காதீர்கள் தங்கச்சி. எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து தண்ணீரில் மிகக் கொஞ்சமே இறங்கும். சூப்பின் பசையில் புரதம் இருக்கிறது, ஆனால் அது முழுப் புரதம் இல்லை. நல்லியில் பெரும்பாலும் கொழுப்பு. பசி எடுக்காமல் கிடக்கிறவருக்குச் சூடாக ஒரு கிண்ணம் உள்ளே போவது ஆறுதல்தான், அதற்காக எப்போதாவது செய்து கொடுங்கள். எலும்பு கூட வேண்டிய சத்துக்கு உங்கள் கரையிலேயே இருக்கும் நெத்திலியும் சாளையும் போதும். நெத்திலியை முள்ளோடு மொறுமொறுவென்று வறுத்துக் கொடுங்கள், சாளையை முள் குழையும்வரை புளி விட்டு வேகவைத்துக் கொடுங்கள். முட்டை, பால், கேழ்வரகு சேருங்கள். அவர் புகை பிடிப்பவராக இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், முறிவு கூடுவதை அது நிஜமாகவே தாமதப்படுத்தும். இதய நோயோ யூரிக் அமிலத் தொல்லையோ இருந்தால், டாக்டரிடம் கேட்காமல் நல்லியும் சூப்பும் வேண்டாம்.

சூப்பு ஆறினதும் மேலே உறைகிற கொழுப்பை எறிந்துவிடவா?
– வாசகி, தொண்டி

எறியாதீர்கள். வழித்து, மூடி போட்ட பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளைக்குள் தாளிக்க எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு வறுக்க அருமையாக இருக்கும். வெந்த எலும்பை மட்டும் நாய்க்குப் போடாதீர்கள். வெந்தது சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சூப்பு வைத்தால் குடிக்க முடியாமல் கரிக்கிறது. உப்பே போடவில்லை லாத்தா!
– வாசகி, தேவிபட்டினம்

சூப்பு சுண்டச் சுண்டத் தண்ணீரில் இருக்கும் உப்பும் திரண்டுகொண்டே வரும். அதனால்தான் குடிக்கும்போது அவ்வளவாகத் தெரியாத உவர்ப்பு சூப்பில் தெரிகிறது. எலும்பை முதலில் அலச போர் தண்ணீர் போதும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் காவிரித் தண்ணீரோ, குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை லிட்டர் இருந்தால் ஒரு கிலோ எலும்புக்குத் தாராளம். உப்பை இறக்கும்போது ருசி பார்த்துப் போடுங்கள்.