ரைஃபிள் தோட்டாவை நாமளே லோட் பண்ணா 1000 யார்டுல ஒரே இடத்துல அடிக்குமா?

கேள்வி இதுதான்: கடைல வாங்குற தோட்டா 100 யார்டுல ஒரே ஓட்டையா விழுது, 1000 யார்டு போனா சிதறுது, நாமளே லோட் பண்ணா, அதாவது பித்தளை கேஸ்ல (கூடு) ப்ரைமர் (தீ மூட்டுற சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போற குண்டு) போட்டு தோட்டாவை நாமளே செஞ்சா சரியாகுமா, எதுல கவனம் வைக்கணும்?

மேல கீழ சிதறுதுன்னா லோடிங் உதவும். இடது வலதா சிதறுதுன்னா பெருசா உதவாது, அது காத்து. நான் இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டு ஒரு வருஷம் வீணாக்கினவன், அதான் மொதல்லயே சொல்லிடறேன்.

ஒரு கணக்கு போட்டு பாத்துடலாம். 6.5 கிரீட்மோர்ங்கற தோட்டா வகை, 140 கிரெய்ன் (சுமாரா 9 கிராம்) புல்லட், செகண்டுக்கு 2700 அடி வேகம்னு வச்சுக்கோங்க. ரெண்டு தோட்டாவுக்கு நடுவுல 10 அடி வேகம் வித்தியாசம் வந்தா 100 யார்டுல அரை மில்லிமீட்டர் கூட தெரியாது, கண்ணாடி போட்டு பாத்தாலும் அதே ஓட்டைதான். அதே 10 அடி 1000 யார்டுல சுமாரா 6 செ.மீ. இறக்கம். 40 அடி வித்தியாசம்னா கிட்டத்தட்ட 25 செ.மீ. ஆயிடும், எஃப் கிளாஸ்ங்கற தூர ரைஃபிள் போட்டில 1000 யார்டு டார்கெட்ல 10 பாயிண்ட் வளையமே 10 இஞ்ச் தான், அதாவது 25 செ.மீ. ரைஃபிள் எவ்வளவு நல்லா இருந்தாலும், நீங்க எவ்வளவு சரியா டிரிகரை இழுத்தாலும், வேகம் மட்டுமே வளையத்தை முழுசா தின்னுடும். 100 யார்டு குரூப்பை (ஓட்டைங்க எவ்வளவு நெருக்கமா விழுதுங்கறதை) பாத்து லோடை முடிவு பண்றவங்க ஏமாந்து போறது இங்கதான். இன்னொரு பக்கம், அதே தோட்டாவுக்கு குறுக்கு காத்தை மணிக்கு 1 மைல் தப்பா கணிச்சா 1000 யார்டுல 16 செ.மீ.க்கு மேல விலகும். அதுக்கு எந்த பிரஸ்ஸும் (தோட்டா செய்யற அமுக்கு மிஷின்) எந்த டையும் (கேஸை அளவுக்கு அமுக்குற அச்சு) மருந்து இல்ல.

ஆக லோடிங்ல நாம துரத்துறது ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்துல வெளிய வரணும். வேகம் ஒண்ணா இருக்கணும்னா உள்ள பிரஷர் ஒண்ணா ஏறணும், பிரஷர் ஒண்ணா ஏறணும்னா பவுடர் அளவு, கேஸ் உள்ள இருக்கற இடம், கேஸோட கழுத்து புல்லட்டை பிடிக்கிற பிடி இதெல்லாம் மாறாம இருக்கணும். மீதி பேசுறதெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

உள்ள போறதுக்கு முன்னாடி: பவுடர் எத்தனை கிரெய்ன் போடணும்னு யாரும் கமென்ட்ல கேக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன், வேற யாராவது சொன்னாலும் எடுத்துக்காதீங்க. பவுடர் கம்பெனி, புல்லட் கம்பெனி போடுற மேனுவல்ல உங்க புல்லட்டுக்கு உங்க பவுடருக்குன்னு இருக்கற ஆரம்ப அளவுல தொடங்கி கொஞ்சம் கொஞ்சமா ஏறுங்க. மேசை மேல ஒரு நேரத்துல ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கணும். பல நாட்டுல இதுக்கே தனி லைசென்ஸ் வேணும், சில இடத்துல அனுமதியே கிடையாது, அதை பாத்துட்டு இறங்குங்க.

கேஸ்ல ஆரம்பிப்போம், ஏன்னா ஆளுங்க காசு கொட்டுறது புல்லட்லயும் பவுடர்லயும், கோட்டை விடுறது கேஸ்ல. பித்தளை கேஸ்னா 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம். சுடும்போது விரியுது, டைல போட்டு அழுத்துறப்ப சுருங்குது, இப்படியே அடி வாங்கி வாங்கி கழுத்து விறைச்சு போயிடும். விறைச்ச கழுத்து டைல போட்டாலும் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும், அதனால ஒரு கேஸ் புல்லட்டை இறுக்கி பிடிக்கும், இன்னொண்ணு லூசா பிடிக்கும். இது கைக்கே தெரியும். புல்லட்டை கேஸ் வாய்ல நிறுத்தி பிரஸ் லீவரை இறக்குறீங்க, ஒரே மாதிரி வழவழன்னு இறங்கிட்டே இருக்கும், பதினஞ்சாவதுல திடீர்னு வெண்ணெய்ல கத்தி போன மாதிரி தடையே இல்லாம இறங்கும், இல்லன்னா கிறீச்னு மக்கர் பண்ணும். அந்த தோட்டாவை நான் மார்க்கர்ல கறுப்பு புள்ளி வச்சு தனியா எடுத்து வச்சுடுவேன், ஸ்கோப் ஜீரோ (குறி சரியா இருக்கான்னு) பாக்கத்தான் அது ஆகும். கழுத்தையும் தோளையும் (கழுத்துக்கு கீழ கேஸ் சரிஞ்சு அகலமாகுற இடம்) சூடு பண்ணி இளக்குற அனீலிங் இதுக்குத்தான். ஆனா சூடு கேஸோட அடிப்பகுதிக்கு போகவே கூடாது, பிரஷர் தாங்குற இடம் அது, அது இளகிப்போனா கேஸ் உங்க முகத்துக்கு பக்கத்துல கிழியும்.

அடுத்தது தோள். டை வாங்குன புதுசுல எல்லாரும் பண்ற தப்பு, டையை ஷெல் ஹோல்டர்ல (கேஸ் அடியை பிடிக்கிற தாங்கி) முட்டுற வரைக்கும் திருகிட்டு கேஸை முழுசா அமுக்குறது. போல்ட் ரைஃபிளுக்கு சுட்ட கேஸோட தோளை ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு பின்னாடி தள்ளினா போதும். அதுக்கு மேல தள்ளினா ஒவ்வொரு தடவை சுடும்போதும் கேஸ் நீளவாக்குல இழுபட்டு அடிப்பக்கம் சுவர் மெலிஞ்சு கடைசில ரெண்டா பிரியும். வெளிய பளபளன்னு ஒரு கோடு தெரிய ஆரம்பிச்சா சந்தேகப்படுங்க. பேப்பர் கிளிப்பை நிமித்தி நுனியை மட்டும் மடக்கி கேஸ் உள்ள விட்டு அடிலேர்ந்து மேல இழுத்து பாருங்க, பள்ளம் இருந்தா நுனி டக்குனு மாட்டும். மாட்டுனா அந்த கேஸ் குப்பைக்கு, கூடவே சுட்ட மத்த கேஸையும் ஒண்ணொண்ணா பாத்துடுங்க.

கேஸை எல்லாம் ஒரே லாட்ல (ஒரே தடவை தயாரிச்ச பேட்ச்) வாங்கி, எத்தனை தடவை சுட்டதுன்னு டப்பால எழுதி வைங்க. புதுசையும் அஞ்சு தடவை சுட்டதையும் கலக்காதீங்க, அவ்வளவுதான்.

பவுடர் விஷயத்துல என் கதை. சாதாரண எலக்ட்ரானிக் தராசு கூட்டியோ குறைச்சோ 0.1 கிரெய்ன் காட்டும், இந்த சைஸ் கேஸ்ல 0.1 கிரெய்னுக்கு வேகம் அஞ்சாறு அடி மாறும். குச்சி குச்சியா இருக்கற பவுடர்ல ஒரு குச்சி 0.02 கிரெய்ன் அளவுதான், நான் இடுக்கில ஒவ்வொரு குச்சியா எடுத்து போட்டு பெரிய விஞ்ஞானி மாதிரி உக்காந்து 50 தோட்டா முடிச்சேன். கடைசில சும்மா செக் வெயிட்டை (சரியான எடை தெரிஞ்ச கல்) தூக்கி வச்சு பாத்தா 0.3 கிரெய்ன் தள்ளி காட்டுது. தலைக்கு மேல ஃபேன் ஓடிட்டு இருந்திருக்கு, தராசு எப்போ நகர ஆரம்பிச்சதுன்னே தெரியல. அம்பதையும் சுத்தியல் மாதிரி இருக்கற புல்லரை வச்சு தட்டித் தட்டி பிரிச்சேன், அடுத்த நாள் தோளை தூக்க முடியல. இப்போ ஃபேன் ஆஃப், தராசை அரை மணி நேரம் முன்னாடியே ஆன் பண்ணிடுவேன், பத்து தோட்டாவுக்கு ஒரு தடவை செக் வெயிட். பவுடர் போட்டு முடிச்சதும் கேஸ் எல்லாத்தையும் கட்டைல நிறுத்தி டார்ச் அடிச்சு மேலேர்ந்து பாருங்க, எல்லாம் ஒரே உயரத்துல தெரியணும். காலியா ஒண்ணு தப்பிச்சு போனா ப்ரைமர் மட்டும் வெடிச்சு புல்லட் பாதி பேரல்ல மாட்டிக்கும், அது தெரியாம அடுத்ததை சுட்டா பேரல் பிளந்துடும்.

பவுடர் எதுன்னு கேட்டா, வெயிலுக்கும் குளிருக்கும் வேகம் அதிகம் மாறாத வகையா எடுங்க. வெயில்ல சூடேறின சேம்பர்ல (ரைஃபிள்ல தோட்டா உக்காற இடம்) தோட்டாவை போட்டு அஞ்சு நிமிஷம் காத்து அடங்கட்டும்னு காத்திருந்தா அதுவே வேகத்தை தூக்கிடும். ப்ரைமர் கேஸ் அடியோட மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழ உக்காரணும், விரலால தடவி பாத்தா போதும், அதுல எனக்கு வேற கருத்து இல்ல.

சீட்டிங் டெப்த் (புல்லட்டை கேஸ்ல எவ்வளவு ஆழமா இறக்குறோம்ங்கறது) பத்தி ஊரே பேசும், நான் கொஞ்சமாதான் பேசுவேன். புல்லட் மூக்கு நுனிலேர்ந்து அளக்காதீங்க, நுனி ஒண்ணுக்கொண்ணு மாறும், மூக்கு வளைவுல ரைஃப்ளிங் (பேரல் உள்ள இருக்கற சுருள் வரி) தொடுற இடத்துலேர்ந்து கம்பாரேட்டர் (காலிப்பர்ல மாட்டி அளக்குற துண்டு) வச்சு அளங்க. ரைஃப்ளிங்கை தொடுற மாதிரி வெளிய இழுத்து வச்சா பிரஷர் ஏறும், அப்படி வைக்கிறதா இருந்தா பவுடரை குறைச்சு திரும்ப ஆரம்பத்துலேர்ந்து ஏறணும்.

இனி எனக்கு கோவம் வர்ற இடம். பவுடரை 0.2 கிரெய்ன் படியா ஏத்தி ஒவ்வொரு படிக்கும் மூணு தோட்டா சுட்டு, எங்க வேகம் ஏறாம தட்டையா நிக்குதோ அதுதான் ‘நோட்’னு சொல்வாங்க. எனக்கும் கிடைச்சது, அழகா தட்டையா, எஸ்.டி. (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், வேகம் சராசரிலேர்ந்து எவ்வளவு சிதறுதுங்கற அளவு) 4. நண்பனுக்கு போன் போட்டு அலட்டிக்கிட்டேன். அடுத்த வாரம் அதே லோட், அதே ரைஃபிள், 20 தோட்டா சுட்டேன், எஸ்.டி. 11. தட்டையும் இல்ல நோட்டும் இல்ல, மூணு தோட்டா காட்டுன மாயம். புள்ளியியல் கணக்குப்படி அஞ்சு தோட்டால எஸ்.டி. 8னு வந்தா நிஜம் 5லேர்ந்து 23 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். 20 தோட்டா சுட்டா அது 6லேர்ந்து 12க்குள்ள அடங்கும். ஸ்கிரீன்ஷாட்ல எஸ்.டி. 3னு பாத்தா மொதல்ல எத்தனை தோட்டான்னு பாருங்க.

அதனால பிரஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு குரோனோகிராஃப் (புல்லட் வேகத்தை அளக்குற கருவி) கடன் வாங்கி, இப்ப சுடுற அதே கம்பெனி தோட்டால ஒரே லாட்ல 20 சுடுங்க. எஸ்.டி. 10 சுத்தி வந்தா இருபதுல வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் சராசரியா 37 அடி வித்தியாசம் இருக்கும், அதை லோடிங்ல கணிசமா குறைக்கலாம், இறங்குங்க. 20ன்னு வந்தா கண்டிப்பா இறங்குங்க. ஆறேழுதான் வருதுன்னா பிரஸ் காசுல இன்னும் ரெண்டு பெட்டி அதே லாட்ல வாங்கி, டார்கெட்ல ஓட்டை மேல கீழ போகுதா இடது வலதா போகுதான்னு அளந்து எழுதிட்டு வந்து இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.