கத்தரி வைக்கும் முன்: துணி பற்றிய கேள்வி பதில்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 19 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எந்த உடைக்கு எந்தத் துணி என்று வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ப்ளவுஸ் கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை மாணவி): நம் ஊர் வெயிலுக்கு கவுன் தைக்க காட்டனா, ரேயானா, பாலியஸ்டரா அக்கா?

பதில்: வெயிலைவிடப் புழுக்கம்தான் இங்கே தொல்லை. காற்றிலுள்ள ஈரத்தைப் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் வாங்கி வைத்துக்கொள்ளும். ரேயான் 11 முதல் 13. பாலியஸ்டர் 0.4தான், அதனால்தான் வியர்வை உடம்பிலேயே நிற்கிறது. அப்படியானால் ரேயானே சிறந்தது என்று ஓடாதீர்கள். நனைந்தால் அதன் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். பருத்திக்கோ நனைந்தால் வலு கூடும். ரேயான் கவுனை முறுக்கிப் பிழிகிற வீட்டில் அக்குள் தையல் ஆறு மாதம் தாங்காது.

அப்புறம், துணி விழுகிற விதம். இரண்டு மீட்டரைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். தண்ணீர் மாதிரி வழிந்தால் சுருக்கு வைத்த பெரிய சுற்றுக் கவுனுக்கு ஆகும். காலரும் கஃப்பும் விறைப்பாக நிற்க வேண்டுமா? காட்டன் பாப்ளின் எடுங்கள். எதை எடுத்தாலும் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும்.

கேள்வி (கடலூர் முதுநகர்): ஜி.எஸ்.எம். என்றால் என்ன?

பதில்: ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வெட்டி, நகைக்கடைத் தராசில் நிறுத்து, 100ஆல் பெருக்குங்கள். சட்டைக்கு 100லிருந்து 130 வந்தால் போதும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): காட்டன் சுருங்குமா?

பதில்: சுருங்கும். நனைத்து வெட்டுங்கள்.

கேள்வி (வில்லியனூர்): காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ‘ரேயான் காட்டன்’ என்று கட் பீஸ் வாங்கினேன். நூலைக் கொளுத்தினேன், காகிதம் எரிகிற வாசனை. சுத்தக் காட்டன்தானே?

பதில்: அதை வைத்துச் சொல்ல முடியாது. பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகும், பட்டு முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். அவற்றைத்தான் நெருப்பு காட்டிக்கொடுக்கும். பருத்தியும் ரேயானும் இரண்டுமே செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள், வாசனை ஒன்றுதான். ஒரு நூலை உருவி, நடுவில் நாக்கால் ஈரப்படுத்தி, இரு முனையையும் பிடித்து இழுங்கள். ஈரமான இடத்தில் அறுந்தால் ரேயான்.

குறுக்கே (கடலூர் ஜவுளி வியாபாரி): ரேயான் மரத்திலிருந்து வருவதுதானே? அதுவும் இயற்கைதான். ஜனங்களைப் பயமுறுத்தாதீர்கள்.

பதில்: மரக்கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் பக்குவப்படுத்திக் கரைத்து, அமிலத் தொட்டிக்குள் நூலாகப் பீய்ச்சுகிறார்கள் அண்ணே. இதை எப்படிப் பருத்தியோடு சேர்ப்பது?

அவரே: அப்போ பாலியஸ்டரோடு சேர்ப்பீர்களா?

பதில்: மாட்டேன். அது பெட்ரோலியம். ரேயான் நடுவில் நிற்கிறது. நல்ல துணிதான், நானே உடுத்துகிறேன். பெயரை மாற்றி விற்பதில்தான் சண்டை. காட்டன் என்று நம்பி வாங்குகிறவர் காட்டன் மாதிரியே அடித்துத் துவைப்பார், கிழியும், கடைசியில் திட்டு வாங்குவது நான்.

குறுக்கே (ஓய்வுபெற்ற மில் தொழிலாளி): நான் ஸ்பின்னிங்கில் இருந்தவன் அம்மா. ரேயான் பேல் பேலாக வெள்ளை வெளேரென்று வந்து இறங்கும். நாங்கள் அதையும் பஞ்சு என்றுதான் சொல்வோம்.

பதில்: ஐயா, நீங்கள் சொன்னால் எனக்கு மறுக்க வாய் வராது. ஆனாலும் அந்தப் பஞ்சு செடியில் வெடிக்காதே! 19ஆம் நூற்றாண்டில் இதே ஊரிலிருந்து அவுரி நீலத்தில் தோய்த்த துணி செனகல் வரை கப்பலேறியது, ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த துணி. அது செடியில் வெடித்த பஞ்சு.

கேள்வி (தேவனாம்பட்டினம்): ப்ளவுஸ் ஹூக் பக்கம் பழுப்புக் கறை. துணி மட்டமா?

பதில்: துணி மேல் பழி போடாதீர்கள். உப்புக்காற்றில் இரும்பு ஹூக் துருப்பிடித்திருக்கிறது. பித்தளை ஹூக், பிளாஸ்டிக் பல் ஜிப் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (பாகூர்): குழந்தைக்குத் தீபாவளி கவுன், பளபளவென்று நெட் துணியில்?

பதில்: மத்தாப்பு கொளுத்தும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். நைலான், பாலியஸ்டர் நெட் உருகித் தோலில் ஒட்டும். காலையில் போட்டுப் போட்டோ எடுத்துவிட்டு மாற்றிவிடுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): காட்டன் சுடிதார் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிட்டது. தையல்காரர் தப்பா?

பதில்: சுருக்கம் பற்றி மறுபடியுமா? மேலே படியுங்கள். சரி, என் கதையையும் சொல்கிறேன். கடை திறந்த புதிதில் ஒரு பாட்டுக்குழுவுக்கு 14 கவுன் தைத்தேன். மேல் துணியை நனைத்தேன், லைனிங்கை நனைக்கவில்லை. முதல் துவைப்பில் லைனிங் ஏறிக்கொண்டு, 14 கவுனின் கீழ் ஓரமும் சுருக்குப் பை மாதிரி உள்ளே மடங்கிவிட்டது. அத்தனையையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன், கூலி இல்லாமல்.

கேள்வி (அரியாங்குப்பம்): எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும்?

பதில்: அப்பாடா, ஒருவராவது கேட்டீர்களே. காட்டன் என்றால் ஓர் இரவு, பச்சைத் தண்ணீரில். சாயம் போகிற துணிக்குத் தனி வாளி. பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். பட்டுத் துணியை நனைக்காதீர்கள். லைனிங்கை மறக்காதீர்கள்.