சிந்த் ஒலிக்குக் கனம்: வாசகர் கேள்விகள்

ஒரே மெட்டைச் சுதியைச் சற்றே தள்ளித் தள்ளிப் பலமுறை பதிந்து, அடுக்கி, சிந்த் (சிந்தசைசர்) ஒலியைக் கனமாக்குவது பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கீபோர்டில் வாசித்த சிந்த் டிராக்கை நான்கு முறை காப்பி செய்து அடுக்கினேன். சத்தம்தான் கூடியது, கனம் வரவில்லையே, ஏன்?
(காரைக்குடி வாசகர்)

எத்தனை காப்பி போட்டாலும் அலை ஒன்றுதான். இரண்டு காப்பி சேர்ந்தால் 6 டெசிபல் கூடும். அதற்கு ஃபேடரை ஏற்றினாலே போதும். கல்யாண வீட்டில் இரண்டு நாயனம் சேர்ந்து ஊதும்போது வருகிற நிறைவு ஒற்றை நாயனத்தில் வராது. எவ்வளவு ஒத்து வாசித்தாலும் இரண்டும் மயிரிழை விலகி நிற்பதுதான் காரணம். அந்த மயிரிழையை நாம் அளந்து வைக்க வேண்டும்.

அரைச்சுரம் என்பது 100 சென்ட். ஐந்து டேக், அதாவது ஐந்து தனிப் பதிவு போதும். ஒவ்வொன்றின் சுதியையும் இத்தனை சென்ட் தள்ளுங்கள்: 0, +6, −7, +13, −11. ஏன் இப்படி ஒழுங்கில்லாத எண்கள்? +6, −6 என்று வைத்தால் இரண்டுமே நடு டிராக்கோடு (0) சேர்ந்து ஒரே வேகத்தில் அலையும், அதாவது சத்தம் ஏறி இறங்கும். ஒலி சீராக விம்மி, டிரெமலோ போட்டதுபோலக் கேட்கும். 440 ஹெர்ட்ஸில் +6 நொடிக்கு 1.5 முறையும், −7 சுமார் 1.8 முறையும் அலைவதால் துடிப்புகள் ஒன்றோடொன்று சேராது. ஐந்தையும் மேல்பக்கமே தள்ளிவிடாதீர்கள். மொத்த ஒலியும் சுதியிலிருந்து ஏறி, பாடகர் இறங்கிப் பாடுவதுபோலத் தோன்றும்.

பல கீபோர்டுகளின் டியூனிங் பக்கத்தில் சென்ட் இருக்காது, ஹெர்ட்ஸ்தான் இருக்கும். மேலே சொன்ன வரிசைக்கு 440.0, 441.5, 438.2, 443.3, 437.2 என்று வையுங்கள்.

வாசிப்பை முதலில் மிடியாக (ஒலியாக அல்ல, எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பாக) பதிந்துகொண்டு, அதையே கீபோர்டுக்குத் திருப்பி அனுப்பி ஒவ்வொரு டேக்கையும் ஆடியோவாகப் பிடியுங்கள். கீபோர்டின் ரிவெர்ப், கோரஸ் இரண்டும் அணைந்திருக்கட்டும். சாம்பிள் வகைக் கீபோர்டில் ஒவ்வொரு சுரமும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும்; ஆரம்பத்தில் எல்லா டேக்கும் ஒட்டிக்கொண்டு, விமானம் கடப்பதுபோல ஒரு 'உஷ்' வரும். டேக்குக்கு டேக் ஃபில்டர் கட்-ஆஃபைக் கொஞ்சம் மாற்றினால் இது குறையும். நிதானமான பேட் (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி) என்றால் மிடியே வேண்டாம், கையால் ஐந்து முறை வாசியுங்கள். அதுதான் அழகு.

ஒவ்வொரு டிராக்கின் உச்சமும் −18 டெசிபலுக்கு மேல் போகாமல் பதியுங்கள். ஐந்தும் சேரும்போது பொதுவாக 7 டெசிபல் ஏறும். அலைகள் ஒரு கணம் ஒத்துப்போனால் 14 வரை போகும். கலக்கும்போது 0 நடுவில். +6, −7 இரண்டும் இடம் வலமாக 40 சதவீதம், 4 டெசிபல் குறைவாக. ஓர டிராக்குகளான +13, −11 இரண்டும் முழு ஓரத்தில், 8 டெசிபல் குறைவாக.

மறுபடி பதியாமல், பதிந்த டிராக்கின் வேகத்தை மாற்றிச் சுதி தள்ளலாமா?
(கோட்டையூர் வாசகி)

10 சென்ட் ஏற்றினால் வேகம் 0.58 சதவீதம் கூடும். நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் டிராக் ஏறக்குறைய 1.4 விநாடி முந்திவிடும். இரண்டு, மூன்று சுரமுள்ள சின்னத் துண்டுகளுக்குச் சரி. நீளம் மாறாத பிட்ச் ஷிஃப்டில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சுரத்தின் முனை மழுங்கும்.

பேஸ் வரியையும் இப்படியே அடுக்கினேன். சில அடிகள் காணாமலே போகின்றன.
(தேவகோட்டை வாசகர்)

போகத்தான் செய்யும். +6க்கும் −7க்கும் இடைவெளி 13 சென்ட். 55 ஹெர்ட்ஸ் சுரத்தில் அது நொடிக்கு 0.41 அலைவு, அதாவது 2.4 விநாடிக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். உங்கள் சுரம் அரை விநாடிதான் நிற்கிறது என்றால், பள்ளத்தில் விழுந்த அடி முழுசாகவே மறையும். கீழே ஒரே டிராக், 0 சென்ட், நடுவில், மோனோ. கனம் வேண்டுமென்றால் ஓர் ஆக்டேவ் மேலே அடுக்கி, அந்த அடுக்குகளில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டிவிடுங்கள்.

எங்கள் வீட்டு வளவில் (நடுமுற்றத்தில்) நல்ல முழக்கம் இருக்கிறது. அங்கேயே ஸ்பீக்கர் வைத்து ஐந்து டேக்கையும் மைக்கில் பிடிக்கலாமா?
(கானாடுகாத்தான் வாசகர்)

ஆத்தங்குடிக் கல் தரையும் சுண்ணாம்புச் சுவரும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பும், உண்மைதான். ஆனால் ஐந்து டேக்கையும் அங்கே பிடித்தால் காக்கை, மோட்டார், மின்விசிறி இரைச்சலும் ஐந்து முறை சேர்ந்து 7 டெசிபல் ஏறும். கீபோர்டின் லைன் அவுட்டிலிருந்து வயரில் நேராக, முழக்கம் சேராத உலர்ந்த ஒலியாகப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு ஓர அடுக்குகள் இரண்டை மட்டும் வளவில் ஸ்பீக்கரில் ஓட்டி, மூன்று நான்கு மீட்டர் தள்ளி மைக் வைத்து ஒரே டேக் பிடித்து, 12 டெசிபல் குறைவாகக் கலந்தால் போதும்.

அனலாக் சிந்த் என்றால், போட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். நடுவில் ஏசியைப் போட்டு அணைக்காதீர்கள். சூடு மாறினால் ஆசிலேட்டர் சுதியும் நகரும், நீங்கள் அளந்து வைத்த 6, 7 சென்டுக்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

சாஃப்ட்வேர் சிந்தில் ஒரே சுரத்தைத் தானே அடுக்கித் தரும் யூனிசன் பொத்தான் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு?
(புதுவயல் வாசகர்)

பேடுக்கு அதுவே போதும். 1996இல் வந்த ரோலண்ட் ஜேபி-8000, சூப்பர்சா என்ற பெயரில் ஏழு ரம்ப அலைகளை ஒரே சுரத்துக்குள் வைத்தது இதே வேலைக்குத்தான். தனித்தனி டிராக்காக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு ஃபில்டர், வேறு ஈக்யூ கொடுக்கலாம். லீட் வரிக்கு, அதாவது முன்னால் நிற்கும் மெட்டுக்கு, அந்த வசதி தேவை.

ஹெட்போனில் அருமையாக இருந்த பாட்டு, கோயில் திருவிழா மைக்செட்டில் குரலே இல்லாமல் ஓடியது. அடுக்கினதுதான் காரணமா?
(பள்ளத்தூர் வாசகர்)

இல்லை, வயர். லேப்டாப்பிலிருந்து வரும் ஸ்டீரியோ பின்னை மிக்ஸரின் ஒற்றை பேலன்ஸ்டு சேனலில் செருகியிருப்பார்கள். அந்தச் சேனல் இடத்திலிருந்து வலத்தைக் கழிக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற குரலும் பேஸும் கழிந்துபோய், ஓரத்து சிந்த் மட்டும் மிஞ்சும். இரண்டாகப் பிரியும் வயரில் இரண்டு சேனலுக்குக் கொடுங்கள். அதைவிட நல்லது, மைக்செட்டுக்கென்று தனியாக மோனோ ஃபைல் ஒன்று எடுத்துப் போவது. மோனோவில் அடுக்குகளின் அலைவு கூடுதலாகத் தெரியும். அந்தக் கலவையில் +13, −11 டிராக்குகளை இன்னும் 3 டெசிபல் இறக்கிவிடுங்கள்.