பாம்பன் உப்புக்காற்றுக்கு ஏற்ற மடக்குக் கத்தி

வணக்கம். வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) கயிறு அறுக்கவும் வீட்டில் பழம் நறுக்கவும் ஒரே மடக்குக் கத்தியாக ஒப்பினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 8ஆம் எண் கத்தியை வாங்க எண்ணுவதாகவும், கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்பதில் குழப்பம் என்றும் பாம்பனிலிருந்து எழுதியிருந்தீர்கள். தயங்காமல் துருப்பிடிக்காததையே வாங்குங்கள். கார்பன் அலகு சாணைக்கல்லில் எளிதில் கூர்மை பெறும் என்பது உண்மைதான். ஆனால் நம் கடற்கரையில் அதை ஈரத்தோடு மடக்கிச் சட்டைப்பையில் போட்டால் மறுநாளே செம்புள்ளி விழுந்துவிடும். கீழக்கரையில் நான் வைத்திருந்த ஒரு கார்பன் கத்தி, தேங்காய் எண்ணெய் பூசியும், ஓர் ஐப்பசி மழையைத் தாண்டவில்லை.

8ஆம் எண்ணின் அலகு ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர், அது போதும். 1955இல் சேர்க்கப்பட்ட சுழல் வளையம் அலகைப் பூட்டிவிடுவதால், ஆடும் வல்லத்தில் கயிற்றை இழுத்து அறுக்கும்போது கத்தி விரல்மேல் மடங்காது. பூட்டு இல்லாமல், பிடியின் முதுகிலுள்ள வில்லின் விசையால் மட்டும் அலகு நிற்கும் பிற மடக்குக் கத்திகளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. மரப்பிடிதான் தொல்லை: நனைந்தால் ஊதி, அலகை இறுகக் கவ்விக்கொள்ளும். ஆகவே கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரித்தபடியே நிழலில் உலர்த்தி, அலகு திரும்பும் ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தடித்த நைலான் வடத்துக்கு மட்டும் வல்லத்தில் கிடக்கும் பெரிய கத்தியையே எடுங்கள்.