முதலில் கதகதப்பு, அப்புறம் பால்

கேள்வி: மழையில் நனைந்து கிடந்த பூனைக்குட்டியை என் மகள் தூக்கி வந்துவிட்டாள். மூன்று வாரம் ஆகியிருக்கும் என்கிறார்கள். மளிகைக்கடைத் தராசில் 210 கிராம் காட்டியது. கண் இரண்டும் பீளையால் ஒட்டிக் கிடக்கின்றன. இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தோம், பேதியாகிறது. கண்ணில் மஞ்சள் பத்துப் போடச் சொல்கிறார் மாமியார். குழந்தைக்கு வாங்கிய காய்ச்சல் மருந்து கொடுக்கலாமா? பிழைத்துவிடுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தக் காய்ச்சல் மருந்தை உடனே எடுத்து ஒளித்து வையுங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது பாராசிட்டமால். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. பெரிய பூனையையே ஒரு மாத்திரை கொன்றுவிடும்.

அடுத்து, குட்டியின் வாய்க்குள் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பாலும் வேண்டாம். ‘ஐயோ, பட்டினி கிடக்கிறதே’ என்று ஊட்டித்தான் பல குட்டிகளை நாம் இழக்கிறோம். உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் தங்கும், மேலே எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் இறங்கும். ஒரு பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக மறுபக்கம் காலியாக இருக்கட்டும். நனைந்த உடம்பைத் துடைத்து, மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். துவண்டு கிடந்தால், கதகதப்பு வந்த பிறகு குளுக்கோஸ் கரைசலை ஈறில் லேசாகத் தடவுங்கள்.

பேதிக்குப் பசும்பாலே காரணமாக இருக்கலாம். அதில் பால்சர்க்கரை அதிகம்; தாய்ப்பூனையின் பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் அதில் இல்லை. செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கும். அதை வெதுவெதுப்பாகக் கரைத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வேளைக்கு 8 மில்லிக்கு மேல் போகாமல் கொடுங்கள். கைக்குழந்தைபோல மல்லாத்திப் பிடிக்காதீர்கள். அது தாயிடம் குடிப்பதுபோல வயிறு கீழே இருக்க வேண்டும். ஃபில்லரைப் பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குடித்ததும் ஈரப்பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், மஞ்சள் குழம்புக்கே இருக்கட்டும். காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, பீளை ஊறும்வரை ஒற்றி, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. மூடிய இமைக்குள் சீழ் கட்டினால் பார்வையே போய்விடும். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விட வேண்டாம், ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் புண்ணைப் பெரிதாக்கிவிடும்.

ஈறு வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சி ரத்தத்தைக் குடித்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். பேன் சீப்பால் வாரி எடுங்கள். நாய்க்கு அடிக்கும் பூச்சி மருந்து பூனைக்கு விஷமாகலாம். யாரையாவது குட்டி கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இவ்வளவும் மருத்துவரிடம் போய்ச் சேரும்வரைதான். பேதியாகும் 210 கிராம் குட்டிக்கு நாளை என்பதே நீண்ட நேரம். அரசு கால்நடை மருத்துவமனைக்கு இன்றே கொண்டு போங்கள். ‘மாட்டு ஆஸ்பத்திரி’தான், பூனையையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் தோலுக்கடியில் நீர் ஏற்றுவார்கள், கண்ணுக்கும் மருந்து தருவார்கள்.

பிழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் 300 கிராமைத் தாண்டியிருக்க வேண்டிய குட்டி இது, அதனால் வாக்குக் கொடுக்க மாட்டேன். தினமும் காலையில் பாலுக்கு முன் எடை பார்த்து, மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது ஏறினால் நல்ல அறிகுறி. ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ அந்த நோட்டோடு மறுபடி மருத்துவரிடம் போங்கள்.